ரோஸ்லின் நடந்து பார்த்த கட்டடம்

கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளிக்கு இருபத்தைந்து வயது ஆகிறது என்று பல்கலைக்கழகம் ஒரு வரலாற்றுப் புத்தகம் போட நினைத்தது. புத்தகத்தில் துணைவேந்தரின் படம் பதினோரு பக்கங்களில் வருவது முதல் கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. வரலாற்றை யார் எழுதுவது என்பதுதான் மூன்றாவது கூட்டம் வரை இழுத்தது. கடைசியில் அதைத் துறைத் தலைவர் புகழ்வேந்தன் தலையில் கட்டினார்கள். அவர் அந்தப் பள்ளியின் முதல் வகுப்பில் படித்து, அங்கேயே வாத்தியாராகி, தலைமுடி பாதி கொட்டும்வரை அங்கேயே இருப்பவர். அவர் எழுதிக்கொடுத்த முதல் அத்தியாயத்தில் துணைவேந்தரின் பெயர் எங்கேயும் இல்லை. ரோஸ்லின் பெயர் ஒன்பது தடவை இருந்தது.

யார் இந்த ரோஸ்லின் என்று அலுவலகத்தில் தேடினார்கள். பேராசிரியர் பட்டியலில் இல்லை. அலுவலர் பட்டியலிலும் இல்லை. தினக்கூலிப் பட்டியலில் நாலாவது வரியில் அகப்பட்டாள். பெருக்குவது, துடைப்பது, கட்டட மாதிரிகள் வைக்கும் மாடல் அறையைத் திறந்து மூடுவது. ஊர் உறுவையாறு, வயது நாற்பத்தாறு. இருபத்து நாலு வருடமாகத் தற்காலிகம்.

நடந்தது இதுதான். பள்ளி தொடங்கியது ஓர் அரிசி ஆலையில். உறுவையாற்றில் ஓடாமல் கிடந்த ஆலையை வாடகைக்குப் பிடித்து, பதினேழு பிள்ளைகளையும் சாமிநாதன் என்ற பேராசிரியரையும் உள்ளே விட்டு, படியுங்கள் என்று சொல்லிவிட்டுப் பல்கலைக்கழகம் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. தவிட்டு வாசனை போகவே மூன்று வருடம் ஆனது. சாமிநாதன் பெரிய கோபக்காரர், அதைவிடப் பெரிய ஆசைக்காரர். முதல் வருடமே ஊருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று, காலனித் தெருப் பெண்களுக்குப் பொதுக் கழிப்பிடம் ஒன்றை வரையச் சொன்னார். பிள்ளைகள் உயிரைக் கொடுத்து வரைந்தார்கள். வரைபடம் டெல்லி வரைக்கும் போய்ப் பரிசு வாங்கியது. கட்டடமும் எழும்பியது.

ஒருத்தியும் உள்ளே போகவில்லை. சில மாதம் பூட்டிக் கிடந்தது, அப்புறம் யாரோ வைக்கோல் அடுக்கினார்கள். கழிப்பிடத்தின் கதவு டீக்கடையைப் பார்த்து இருந்ததுதான் காரணம். விடியற்காலையில் பத்து ஆம்பளைகள் கிளாசும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு நேர் எதிரே! பதினேழு பிள்ளைகளும் சூரியன் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று நாள் கணக்கில் அளந்தார்கள். டீக்கடை எந்தப் பக்கம் என்று மட்டும் பார்க்கவில்லை.

சாமிநாதன் தெருவுக்குப் போய்க் காரணம் கேட்டபோது, அந்தக் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்த சித்தாள்களில் ஒருத்திதான் பதில் சொன்னாள். அப்போதுதான் கல்யாணமாகியிருந்த இளம்பெண்.

"இது எங்களுக்கு அப்பவே தெரியும் சார்."

"தெரிஞ்சா ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

அவள்தான் ரோஸ்லின். சாமிநாதன் மூன்றாம் நாள் ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூளோடு வந்து இறங்கினார். இனி இந்தப் பள்ளியில் எந்த வரைபடமும் காகிதத்தோடு முடியாது என்றார். ஆலையின் நெல் காயவைக்கும் களத்திலோ அறுத்த வயலிலோ அசல் அளவுக்கு அப்படியே கோடு போட வேண்டும். கோடு என்றால் சுவர். அதைத் தாண்டக் கூடாது, விட்டிருக்கும் இடைவெளி வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் கட்டடத்தில் வேலை செய்யப் போகிறவர் யாரோ அவர்தான் முதலில் நடப்பார், வேலை நாளில் எதைத் தூக்குவாரோ அதைத் தூக்கிக்கொண்டு. நடந்து முடித்து அவர் வாயால் 'சரி' என்று சொன்னால்தான் மூலையில் முளைக்குச்சி அடித்துக் கட்டட வேலையைத் தொடங்கலாம். மதிப்பெண் எல்லாம் அதற்கு அப்புறம். ரோஸ்லினையும் அன்றைக்கே தினக்கூலியில் சேர்த்துக்கொண்டார்.

சாமிநாதன் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. வழக்கம் மட்டும் நின்றபாடில்லை. வெளியூர்க் கட்டடம் என்றால் அந்தந்த ஊர் ஆட்கள் வந்து நடப்பார்கள்; மற்ற எல்லாவற்றுக்கும் ரோஸ்லின்தான். புகழ்வேந்தன் மூன்றாம் ஆண்டில் வரைந்த நூலகத்தை மூன்று மாதம் நிறுத்திவைத்தவளே அவள்தான். "ஜன்னலு ஒசரத்துல ஜோரா இருக்குதுபா. தெனம் தொறக்கறது யாரு, உங்கப்பனா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். 'தானே' புயலில் ஆலையின் கூரைத் தகடெல்லாம் பறந்து, தார்ப்பாயின் கீழ் ஆறு மாதம் வகுப்பு நடந்ததே, அப்போதும் சுண்ணாம்புக் கோடு நிற்கவில்லை. திட்டமிடல் படிப்பு புதிதாக வந்தபோது, திருபுவனை தொழிற்பேட்டைக்கு ஷிப்டு போகும் பெண்களுக்காக ஒரு சாலையையே பிள்ளைகள் வரைந்தார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து கம்பெனி கேட் வரை கோடு போட்டு ரோஸ்லினையும் கூட்டிப்போனார்கள். பாதி தூரத்தில் நின்று, "நெழலு எங்கடா?" என்றாள். மறு வாரம் வரைபடத்தில் நாற்பது புங்க மரம் முளைத்தது.

இதையெல்லாம்தான் புகழ்வேந்தன் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். துணைவேந்தர் படித்தார், கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார், பிறகு அவருக்கு ஒரு நல்ல யோசனை வந்தது.

இருபத்தைந்து வருடம் ஆலையில் ஓட்டியது போதும் என்று, பக்கத்து நிலத்தில் பள்ளிக்கு மூன்று மாடிப் புதுக் கட்டடம் வரவிருந்தது. வரைபடம் சென்னைக் கம்பெனியுடையது. கட்டடக்கலைப் பள்ளிக்குக் கட்டடம் வரைய வெளியே எதற்கு ஆள் பிடித்தார்கள் என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. அந்த வரைபடத்தையும் சுண்ணாம்பில் போட்டு நடந்து பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று புகழ்வேந்தன் ஒரு மாதமாக முரண்டு பிடித்துக்கொண்டிருந்தார். சரி, நடக்கட்டும் என்றார் துணைவேந்தர். அந்த அம்மா நடக்கட்டும், பக்கத்தில் நான் நிற்கிறேன், பன்னிரண்டாவது படம் எடுத்துவிடலாம்.

வியாழக்கிழமை மத்தியானம் கட்டடப் பிரிவுப் பொறியாளர் மணிவண்ணன் ரோஸ்லினைத் தேடி மாடல் அறைக்கே வந்தார். அவர் அந்த அறைக்கு வந்து அவள் பார்த்ததில்லை.

"ரோஸ்லின், ஒங்க தினக்கூலி ஆறு பேர் ஃபைலும் வி.சி. பெரியவர் டேபிளுக்குப் போயிடுச்சு. பெர்மனென்ட்டு. திங்கக்கெழம கையெழுத்து ஆவும்."

ரோஸ்லின் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். வீட்டுக்காரருக்கு முட்டி தேய்ந்து இரண்டு வருடமாகக் கட்டிலோடு இருக்கிறார். நிரந்தரம் ஆனால் ஆபரேஷனைப் பல்கலைக்கழகக் காப்பீட்டிலேயே செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"சனிக்கெழம நடக்கறியே," என்றார் மணிவண்ணன், கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டே. "நேரா நட, சிரி, 'சரி'ன்னு சொல்லு, வூட்டுக்குப் போ. உன் சாமர்த்தியத்த எல்லாம் அங்க காட்டாத. உனக்கு மட்டுமில்ல, மத்த அஞ்சு பேருக்கும் சேத்து சொல்றேன்."

"நான் இன்னா சார் சொல்லப் போறேன். சரின்னு சொன்னா முடிஞ்சுது," என்றாள் ரோஸ்லின். அப்படியே செய்வதாகத்தான் இருந்தாள். வெள்ளிக்கிழமை மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றும்போதுகூட அவள் கேட்டது ஒன்றுதான்: தாயே, என் வாயைக் கட்டு.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. சம்பா அறுத்து வாரம் ஆகியிருந்தது. நெல் தாளை வழித்து எடுத்த நிலத்தில், நூல் பிடித்து, பிள்ளைகள் கீழ்த்தளம் முழுவதையும் சுண்ணாம்பில் போட்டிருந்தார்கள். வரவேற்புக் கூடம், விருந்தினர் அறை, அலுவலகம், வகுப்பறைகள், வரைபட அறை, பேராசிரியர் ஓய்வறை, மாடிப்படி எல்லாம் பளிச்சென்று இருந்தன. சென்னைக் கம்பெனியின் கட்டடக்கலைஞர், கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞர், கையில் டேப்லெட்டோடு நின்றார். துணைவேந்தர் காரிலிருந்து இறங்கி, புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நேராக வந்தார்.

"சார்! செவுரு! செவுரு!" என்று நாற்பது பிள்ளைகள் ஒரே குரலாகக் கத்தினார்கள்.

துணைவேந்தர் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றார். கீழே சுண்ணாம்புக் கோடு. அவர் முகம் சிவந்தது, பிறகு எப்படியோ சிரிப்பாகிவிட்டது. சுற்றிப்போய் வாசல் வழியாக வந்தார். அந்த ஒரு விஷயத்தில் ரோஸ்லினுக்கு அவரைப் பிடித்துப்போனது.

நடை தொடங்கியது. வரைபட அறையிலிருந்து மாடலைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போவதுதான் முதல் வேலை. அதுதான் அந்தப் பள்ளியில் தினமும் நடக்கிற வேலை. நாலடி அகலம், ஆறடி நீளப் பலகை. அதன்மேல், போன வருடப் பிள்ளைகள் அட்டையில் செய்த பாகூர் சந்தை, கடைகளும் மரங்களுமாக. ஒரு முனையை நான்காம் ஆண்டு அர்ச்சனா பிடித்தாள், மறு முனையை ரோஸ்லின். கதவு வந்தது. கதவு மூன்றரை அடி.

இரண்டு பேரும் நின்றார்கள். பலகையைச் சாய்த்தால் சந்தை கொட்டிவிடும். நேராகப் போனால் சுவர் இடிக்கும். சுவர் என்று அங்கே ஒன்றும் இல்லை, காற்றுதான். ஆனாலும் இரண்டு பேரும் கதவுக்குள் மாட்டிக்கொண்டது மாட்டிக்கொண்டதுதான். பிள்ளைகள் பக்கத்திலிருந்து முதலில் ஒரு சிரிப்பு வந்தது, அப்புறம் மொத்த வயலும் சிரித்தது.

"இப்பல்லாம் எல்லாமே கம்ப்யூட்டர்லதானே பண்றாங்க, மாடல் யார் செய்யறாங்க?" என்றார் கறுப்புக் கண்ணாடி.

"கட்டடம் படிக்கிற எல்லாரும்," என்றார் புகழ்வேந்தன்.

"அகலமாப் போட்டுடுங்கப்பா, அதுக்கென்ன," என்று துணைவேந்தர் முடித்துவைத்தார். ரோஸ்லின் மணிவண்ணனைப் பார்த்தாள். நான் வாயே திறக்கலியே சார், என்றது அவள் பார்வை. அவர் உதட்டின் மேல் விரல் வைத்துக் காட்டினார்.

மிச்சத்தை வாளியும் மாப்பும் கையுமாக நடந்தாள். தண்ணீர் பிடிக்கும் இடம் பக்கத்திலேயே இருந்தது, நல்லது. குப்பை கொட்டப் பின்வாசல், நல்லது. கூடம் விசாலம். வகுப்பறையில் பெஞ்சுக்கு அடியில் துடைப்பம் போகும். ஒவ்வோர் அறைக்கும் உள்ளே போய், திரும்பி, வெளியே வந்தாள். சும்மா சொல்லக் கூடாது, கறுப்புக் கண்ணாடிக்காரன் கெட்டிக்காரன்தான் என்று தோன்றியது. மனசு லேசானது. கடைசி அறை முடிந்து மூலைக்கு வந்தாள். அங்கே முளைக்குச்சியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு புகழ்வேந்தன் தயாராக இருந்தார். துணைவேந்தர் பக்கத்தில் வந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார். புகைப்படக்காரர் குனிந்தார். எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

ரோஸ்லின் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை.

வாளியைக் கையில் பிடித்திருந்ததுதான் காரணம். வேலை முடிந்தால் வாளியைக் கீழே வைக்க வேண்டும், கை கழுவ வேண்டும், டிபன் பாக்ஸை எடுக்க வேண்டும். எங்கே வைப்பது என்று கை தானாகவே தேடியது. நடந்த அறைகளை எல்லாம் மனசுக்குள் மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினாள். இடமே இல்லை. மேல் மாடிகளின் வரைபடத்தைப் பிள்ளைகள் காட்டியிருந்தார்கள்; அங்கேயும் இல்லை. மூன்று மாடி, முப்பத்திரண்டு அறை. அவளுக்கு ஒரு மூலை இல்லை.

சொல்லிவிட்டுப் போயேன் என்றது மனசு. முட்டியை நினை. மற்ற அஞ்சு பேரை நினை. செங்கல் சுமக்கும்போது வாயை மூடிக்கொண்டுதானே இருந்தாய்? ஆமாம், இருந்தேன், அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போது இத்தனை பேர் நின்று கேட்கிறார்களே! கேட்கும்போதும் பொய் சொன்னால் இருபத்து நாலு வருடம் நடந்த நடைக்கு என்ன அர்த்தம்? அவளுக்குப் பயமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது.

"என்னம்மா?" என்றார் துணைவேந்தர், சிரிப்பு மாறாமல்.

"சார், இதுல நான் எங்க குந்தி சோறு துன்றது?"

மணிவண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். கறுப்புக் கண்ணாடி டேப்லெட்டைத் தேய்த்தார். "ஸ்டாஃப் ரூம் இருக்கே. இதோ, பேன்ட்ரியோட..."

"அது ஸ்டாஃபுக்கு சார். நான் ஸ்டாஃப் இல்லியே. திங்கக்கெழம ஆவேன்னாங்க. அதுவும் இப்ப தெரியல."

கறுப்புக் கண்ணாடி டேப்லெட்டை மறுபடி தேய்த்தார்.

"படிக்குக் கீழ கொஞ்சம் இடம் வருது," என்றார் அவர், இன்னும் மெதுவாக.

"இருவத்து நாலு வருசமா படிக்குக் கீழதான் சார் துன்றேன். பினாயில் கேனுக்குப் பக்கத்துல. நாலு வாயி போறதுக்குள்ள ஏழு பேரு வந்து நிப்பாங்க. ரோஸ்லின் சாவி, ரோஸ்லின் தண்ணி, ரோஸ்லின் அத்தத் தொறன்னு. கதவு இருந்தாத்தான தட்டுவாங்க. ஒரு நாளுகூட சூடா முழுசாத் துன்னதில்ல." வாளியைக் கை மாற்றிப் பிடித்தாள். "மத்ததெல்லாம் நல்லா இருக்குது சார். ஆனா நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

துணைவேந்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இதுக்காக ஒரு பில்டிங்கை நிறுத்தி வைக்க முடியுமா, புகழ்?"

"நிறுத்தித்தான் ஆகணும் சார்," என்றார் புகழ்வேந்தன். சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டார். "மூணு தடவ இந்த பிளானைப் பார்த்தேன். கதவு அகலம்கூட என் கண்ணுல பட்டுது. நடக்கறப்ப தெரியட்டும்னுதான் விட்டேன். இது படல. ஒரு அத்தியாயம் பூரா அக்காவைப் பத்தி எழுதியிருக்கேன், அவங்க எங்க சாப்பிடறாங்கன்னு எனக்குத் தோணல. வெக்கமா இருக்கு சார். அவங்க சொல்லாம நான் குச்சி அடிக்க மாட்டேன்."

காற்றில் சுண்ணாம்பு லேசாகப் பறந்தது. துணைவேந்தர் மோசமான ஆள் இல்லை. படத்துக்கு நிற்கும் ஆசை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அவர் பிள்ளைகளைப் பார்த்தார், ரோஸ்லினைப் பார்த்தார், புகைப்படக்காரரைக் கையசைத்துத் தள்ளி நிற்கச் சொன்னார்.

"எங்க வேணும் உனக்கு? நீயே காட்டும்மா."

படிக்கட்டுப் பக்கம்தான் போவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ரோஸ்லின் வாளியை வைத்துவிட்டுச் சுண்ணாம்புக் கூடையை இடுப்பில் எடுத்துக்கொண்டாள். வாசல் வழியாக உள்ளே வந்து, கூடத்தைக் கடந்து, கதவு வழியாக விருந்தினர் அறைக்குள் போனாள். கட்டடத்திலேயே நல்ல அறை அது. தென்கிழக்கு மூலை. மத்தியானம் கடல் காற்று வரும். இரண்டு பக்கமும் ஜன்னல். அறையின் நடுவில் குனிந்து, பின்னாலேயே நகர்ந்து, கோணாமல் ஒரு கோடு போட்டாள். தாழ்வாரத்துப் பக்கச் சுவரைக் காலால் இரண்டே முக்கால் அடி அழித்துத் தனிக் கதவு விட்டாள்.

"அது கெஸ்ட் ரூம்மா!" என்றார் மணிவண்ணன், வாய் தவறி.

"வருசத்துல நாலு நாளு வர்றவங்களுக்குப் பாதி போதும் சார். நாங்க ஆறு பேரு தெனம் வரோம்."

துணைவேந்தர் சுற்றி நடந்து, கதவு வழியாக, விருந்தினர் அறையின் மிச்சப் பாதிக்குள் போனார். நடுவில் நின்று இரண்டு கையையும் நீட்டினார். ஒரு சுற்றுச் சுற்றினார். எங்கேயும் இடிக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து, "எழுதிக்கங்க," என்றார்.

"சரி," என்றாள் ரோஸ்லின், வயலுக்கே கேட்கிற மாதிரி.

பிள்ளைகள் அடித்த விசிலில் வரப்பில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. புகழ்வேந்தன் முளைக்குச்சியை அடித்த அடியில் அது பாதிக்கு மேல் மண்ணுக்குள் போய்விட்டது. அர்ச்சனா ஓடிவந்து ரோஸ்லினைக் கட்டிக்கொண்டாள், இரண்டு பேர் முகத்திலும் சுண்ணாம்பு. புத்தகத்தில் பன்னிரண்டாவது படமாக வந்தது அதுதான். துணைவேந்தர் பின்னால், பாதி முதுகு தெரிய நிற்கிறார்.

திங்கட்கிழமை உத்தரவு வரவில்லை. மறு திங்கட்கிழமையும் வரவில்லை. ரோஸ்லின் வீட்டில் யாருக்கும் தெரியாமல் அழுதாள், மற்ற ஐந்து பேரின் முகத்தைப் பார்க்கக் கூசினாள். அவர்களில் ஒருத்தி ஒரு வாரம் அவளோடு பேசவே இல்லை. நான்காவது வாரம் ஆறு உறைகள் வந்தன. ஃபைல் ஏதோ ஒரு மேஜையில் தூங்கியிருந்ததாம், அவ்வளவுதான் விஷயம். மே மாதம் வீட்டுக்காரருக்கு முட்டி ஆபரேஷன் ஆனது.

கட்டடம் எழும்ப ஒன்றரை வருடம் பிடித்தது. திறப்பு விழாவில் பேச்செல்லாம் முடிந்து, மாலை மரியாதைகள் முடிந்து, கூட்டம் கலைந்தபோது மணி ஒன்றே கால். ரோஸ்லின் தென்கிழக்கு மூலை அறைக்குப் போனாள். உள்ளே ஒரு மேஜை, ஆறு நாற்காலி, கை கழுவத் தொட்டி. இரண்டு ஜன்னலையும் திறந்தாள். காற்று சொன்னபடி வந்தது. கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, உட்கார்ந்து, வீட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்த டிபன் பாக்ஸைத் திறந்தாள். சோறும் நெத்திலிக் குழம்பும் இன்னும் சூடாக இருந்தன.

இரண்டாவது வாய் வைக்கும்போது கதவு தட்டப்பட்டது.

"ரோஸ்லின்! சாவி!" மணிவண்ணனின் குரல். "பெரியவருக்கு மாடல் ரூம் பாக்கணுமாம், சீக்கிரம் வா!"

பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டாள். கை துடைக்கத் துணிகூட எடுத்துவிட்டாள். பிறகு துணியை மேஜைமேல் வைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து, குழம்பை ஊற்றிப் பிசைந்தாள்.

"சாப்புடறேன் சார்," என்றாள் உள்ளேயிருந்து. "இருவது நிமிசம் ஆவும். பெரியவர ஒக்காரச் சொல்லுங்க."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் ஓசை கேட்டது.